கடல் கடந்த சீனரும் அவர்தம் சிறுகதைகளும்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பௌத்த நூல்களைத் தேடி இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாஹியன், அநுராதபுரத்து அபயகிரி விகாரையிலே புத்தர் சிலையின் அருகில் வணிகனொருவன் வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டார். அவ்விசிறி சீனத்திலே செய்யப்பட்டது. அதனைக் கண்ட அளவில் தம் கண்களில் நீர் நிறைந்ததென அவரே தமது பயண நூலிற் குறித்துள்ளார். 399-ஆம் ஆண்டில் அவருடன் சீனத்தினின்று புறப்பட்டோருட் சிலர் வழியில் இறந்தனர். சிலர் அந்நிய நாடுகளிலே தங்கிவிட்டனர். அரசர் பலரையும் விகாரைகள் பலவற்றையும் கண்டு கலங்காத துறவியை ஒரு சிறு விசிறி கலங்கச் செய்தது.

பாஹியன் பெற்ற பேறு ஒன்றுண்டு. அவர் நூல்களோடு தாயகம் மீண்டபோது அவர் விட்டுச் சென்ற சீனம் ஏறக்குறைய அவ்வாறே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின்னர்க் கடல் கடந்த சீனர்க்கு அப்பேறு வாய்த்திலது. அவர்கள் அந்நிய நாட்டிலே உழைத்திருந்த காலத்தில், விட்டு வந்த நாடு அரசியற் கொந்தளிப்பாற் பலமுறை உருமாறிற்று. ஆதலால், கடந்த நூறாண்டுக் காலத்திற் சீனரின் குடிபெயர்வைப் பற்றி எழுந்த சிறுகதைகளை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து, புறப்பாட்டினும் மீட்சியே அவற்றிற் பெரிதும் பேசப்படுதல் புலனாகும். திரும்பிச் செல்ல ஓர் இடமில்லாது போயிற்றே என்பதுதான் அக்கதைகளின் துயரம். அரசாங்க ஆவணங்களிலே இத்துயரத்துக்கு இடமில்லை. கப்பலேறியோர் தொகையையும் அனுப்பிய பணத்தையுமே அவை பேசும்.

முதலிற் புறப்பாட்டின் காரணங்களைச் சுருங்கக் கூறலாம். 1842-ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையாற் சீனத்தின் துறைமுகங்கள் ஐந்து ஆங்கில வாணிகத்துக்குத் திறக்கப்பட்டன. 1850 தொடக்கம் 1864 வரை நிகழ்ந்த தைப்பிங் கிளர்ச்சியில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான கணிப்பு. நிலமிழந்த தென்சீனத்துக் குடியானவர், மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கும், கலிபோர்ணியாவின் பொன்வயல்களுக்கும், கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்றனர். நாட்டை விட்டு நீங்குவோரைக் குற்றவாளிகளாகக் கருதிய பழைய தடை 1893-இலேயே முறையாக நீக்கப்பட்டது. ஆகவே நெடுங்காலமாக ஒரு சீனன் புறப்படும்போதே தன் அரசின் கண்ணிற் குற்றவாளியானான். சேர்ந்த நாடும் அவனை வரவேற்கவில்லை. 1882-இல் ஐக்கிய அமெரிக்கா சீனத் தொழிலாளரை விலக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று; அது 1943-இலேயே நீக்கப்பட்டது.

இத்தொழிலாளர் தம் வரலாற்றைத் தாமே எழுதவில்லை. அவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எழுத்தறிந்தோரின் செந்நடைச் சீனமோ கூலிக்காரனைப் பொருளாகக் கொள்ளவில்லை. அவர்தம் குரல் அருமையாகக் கேட்பது விசாரணைகளிலேதான். 1874-இற் கியூபாவுக்குச் சென்ற சீன ஆணைக்குழு 1176 வாக்குமூலங்களைப் பதிந்தது. ஆயினும் ஆணைக்குழு வினவியது தோட்டத்திலிருந்த ஆடவரையே. ஊரிலே காத்திருந்த மனைவியரிடம் ஒருவரும் ஒன்றும் வினவிலர். அவ்வினாவை முதன்முதலிற் கேட்டது பின்வந்த சிறுகதையே.

பேச்சுமொழியைத் தழுவிய புதிய சீனப் புனைகதையைத் தோற்றுவித்தோரும் ஒருவகையிற் கடல் கடந்தவர்களே. 1918-இல் 'புதிய இளைஞர்' என்னுஞ் சஞ்சிகையிலே 'பித்தன் நாட்குறிப்பு' என்ற கதையை வெளியிட்ட லூ ஷுன், 1902 தொடக்கம் யப்பானிற் பயின்றவர். செண்டாய் நகரில் மருத்துவங் கற்றுக்கொண்டிருந்தவர், அதனைக் கைவிட்டு இலக்கியத்தை மேற்கொண்டார். 1921-இல் அவர் எழுதிய 'என் சொந்த ஊர்' என்னுங் கதை, பின்னர்வந்த மீட்சிக் கதைகள் அனைத்துக்கும் முன்னோடி. இருபதாண்டு கழித்து ஊர் திரும்பும் ஒருவன், குடும்ப வீட்டை விற்றுத் தாயை அழைத்துப் போகவே வருகிறான். இளமையிற் கூடி விளையாடிய குடியானவத் தோழன் வந்து அவனை 'எசமான்' என்று விளிக்கிறான். வறட்சி, வரி, போர்வீரர், கொள்ளையர் ஆகியவற்றால் நலிந்த ஒரு நாட்டின் நிலை அவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகிறது. கடல் கடந்து போனவன் கதையன்று இது; எனினும் அக்கதைகளின் அமைப்பை வகுத்துத் தந்தது இதுவே.

குடிபெயர்ந்தோர் வாழ்வையே நேரிற் பொருளாகக் கொண்டவர் சூ டிஷான். அவர் 1893-இல் தாய்வான் தீவின் தாய்னான் நகரிற் பிறந்தார். 1895-இல் ஷிமொனொசெக்கி உடன்படிக்கையால் தாய்வான் யப்பானுக்குக் கையளிக்கப்பட, அவர் குடும்பம் சொத்துக்களைத் துறந்து பெருநிலத்துக்குப் பெயர்ந்தது. எனவே நினைவு தெரியுமுன்னரே அவர் அகதி. இளமையில் இரங்கூன் நகரிலே சீனப் பாடசாலையொன்றிற் கற்பித்தார். 1921-இற் பீக்கிங்கிலே தோன்றிய 'இலக்கிய ஆய்வுக் கழக'த்தின் நிறுவுநர் பன்னிருவருள் ஒருவரானார். பின்னர் ஒக்ஸ்போட்டிற் சமயங்களையும் சமஸ்கிருதத்தையும் பயின்று, இந்தியாவிலுந் தங்கி ஆராய்ந்து, 1935 தொடக்கம் ஹொங்கொங் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்து, 1941-இற் காலமானார்.

அவருடைய 'வணிகன் மனைவி' என்னுஞ் சிறுகதை 1921-இல் 'புனைகதை மாத இத'ழில் வெளிவந்தது. தமிழர்க்கு இக்கதையில் எதிர்பாராத உரிமையொன்றுண்டு. கதையின் ஒரு பகுதி சென்னை நகரிலே நிகழ்கின்றது. கப்பலொன்றிலே, இந்தியப் பெண்ணின் கோலத்தில் மகனோடு இருக்கும் ஒருத்தி, ஃபூக்கியன் மாகாணத்துச் சீனமொழியைப் பேசுகிறாள். வியப்புற்ற சீனப் பயணியொருவர் வினவ, அவள் தன் வரலாற்றைக் கூறுகிறாள். ஷிகுவான் என்பது அவள் பெயர். கணவன் சூதாடிக் கடையை இழந்தான். அவளே பயணத்துக்கு வேண்டியதைத் தேடிக்கொடுத்து அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பினாள். பத்தாண்டு கழிந்தும் அவன் வந்திலன். அவள் தானே கப்பலேறிச் சென்றாள். சிங்கப்பூரில் அவன் செல்வனாயிருந்தான், வேறொரு மனைவியுமிருந்தாள். சில நாளில் அவன் சூழ்ச்சியாக அவளை இந்திய முஸ்லிம் வணிகனொருவனுக்கு விற்றுவிட்டான். அவ்வணிகன் அவளைச் சென்னைக்குக் கொண்டு சென்றான். அவன் வீட்டுப் பெண்களுள் ஒருத்தி அவளுக்கு எழுத்தறிவித்தாள். வணிகன் இறந்தபின் அவள் மகனோடு தப்பியோடிப் பள்ளியிற் பயின்று ஆசிரியையானாள். இப்பொழுது தன்னை விற்ற கணவனைத் தேடியே சிங்கப்பூருக்குச் செல்கிறாள்!

பொருள்வயிற் பிரிவையும் ஆற்றியிருத்தலையும் நன்கறிந்த தமிழ் வாசகர், கதையின் முற்பகுதியைப் பழகிய நிலமாகவே உணர்வர். மகளிரோடு கடற்செலவு இல்லை என்பது தொல்காப்பியர் குறித்த மரபு. தென்சீனத்திலும் வழக்கம் அதுவேயாயிற்று. ஆடவர் போவர், பெண்டிர் இருப்பர். ஷிகுவான் அம்மரபை மீறுகிறாள். மீறியதன் பயனாகக் கணவனைக் காணும் அவளுக்கு, அவனை இழந்தமையே உறுதியாகின்றது. இவ்விடத்தில் ஓர் எளிய ஆசிரியர் கண்ணீரால் ஏட்டை நனைத்திருப்பார். சூ டிஷான் அவ்வாறு செய்யவில்லை. அவள் தன் வாழ்வில் எது துன்பம் எது இன்பம் என்று பிரித்தறிதல் எளிதன்று என அமைதியாகப் பேசுகிறாள். இவ்வமைதியைப் பௌத்தத்தின் சார்பென்று சிலர் கொள்வர். விற்கப்பட்ட பெண்ணொருத்தி இத்துணை அமைதியாயிருத்தல் இயல்பாகுமோ என ஐயுறுவோரும் உளர். ஐயத்துக்கு இடமுண்டு. ஆயினும் அவள் எழுதக் கற்ற இடம் சென்னை என்பதை மறத்தலாகாது. தாயகத்திற் காத்திருந்த பத்தாண்டிற் கிடையாத கல்வி, அடிமையாய்ச் சென்ற நாட்டிற் கிடைத்தது. குடிபெயர்வு கேடு மட்டுமே என்று கூற விரும்புவோர்க்கு இக்கதை இணங்காது. நன்மையென்று கூறுவோர்க்கோ அவள் விற்கப்பட்ட நாள் விடையாக நிற்கும்.

இக்கதை வெளிவந்தபின் சில ஆண்டுகள் கழித்தே ஆசிரியர் இந்தியாவிற் பயின்றார் என்பது கருதத்தக்கது. அவர் எழுதிய சென்னை, கண்டு எழுதிய சென்னையன்று. வரலாற்று மாணவர் இக்கதையிற் சென்னையின் வீதிகளைத் தேடுதல் வீண். துறைமுகங்கள் தோறும் சீனர் பேசிக்கொண்ட செய்திகள் எத்தகையன என்பதையே அவர் இதிற் காணலாம்.

அதே 1921-இல் 'வீழ்ச்சி' என்ற கதையால் புகழும் பழியும் பெற்ற யூ தாஃபூவின் வாழ்வு, அவர் எழுதிய எக்கதையினும் கொடிது. யப்பானிலே தனித்துத் துன்புறும் சீன மாணவனொருவன் கடற்கரையில் நின்று தன் நாட்டின் வலிமையின்மையை நொந்துகொள்வதோடு அக்கதை முடிகின்றது. யப்பானியப் படையெடுப்பின் காரணமாக ஆசிரியர் 1938-இன் இறுதியிற் சிங்கப்பூரை அடைந்து, பத்திரிகையொன்றின் இலக்கியப் பகுதிக்கு ஆசிரியரானார். 1942-இல் அந்நகர் வீழுமுன் சுமாத்திராவுக்குத் தப்பி, வேற்றுப்பெயர் பூண்டு, மதுவடிசாலை நடத்தினார். யப்பானிய மொழியறிவு அவரைக் காட்டிக்கொடுத்தது. இராணுவப் பொலிசார் அவரை மொழிபெயர்ப்பாளராக்கினர். யப்பான் சரணடைந்து இரு வாரத்துள், 1945 ஓகஸ்டின் இறுதியில், அவர்களாற் கொல்லப்பட்டார்.

அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே சீனர் வாழ்வைச் சிறுகதையாக்கிய முன்னோடி, ஆங்கிலத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் 1865-இல் இங்கிலாந்திற் பிறந்து கனடாவின் மொன்றியலில் வளர்ந்த ஒரு பெண்மணி. தந்தையின் பெயரால் ஆங்கிலேயராகவே வாழ வாய்ப்பிருந்தும், சுயி சின் ஃபார் என்ற சீனப் புனைபெயரை அவர் ஏற்றுக்கொண்டார். 1912-இல் வெளிவந்த அவர் தொகுதியில் ஒரு கதை, சான் பிரான்சிஸ்கோத் துறைமுகத்திலே நிகழ்வது. தாயொருத்தி சீனத்திற் பெற்ற ஆண் குழந்தையோடு கணவனிடம் வருகிறாள். குழந்தைக்குரிய பத்திரம் இல்லையென்று அதிகாரிகள் அதனைத் தடுத்து வைக்கின்றனர். பத்துத் திங்கள் கழிகின்றன. தாயின் அணிகலன்கள் சட்டத்தரணியின் கைக்குச் செல்கின்றன. ஈற்றிற் குழந்தை வருகின்றது; தாயை அறியாது, அப்பாற் போகும்படி அவளை விலக்குகின்றது. குடிவரவுச் சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் தொகுக்கும் வழக்குகள் பலவற்றினும் இச்சில பக்கங்கள் சட்டத்தின் செயலைத் தெளிவுறக் காட்டுகின்றன.

1949-இற் சீனக் கம்யூனிஸ்டுக் கட்சி வெற்றிபெற, தோல்வியுற்ற குவோமின்டாங் அரசோடு பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாய்வானுக்குச் சென்றனர். சில ஆண்டில் மீள்வோம் என்று நம்பியே சென்றனர். பெருநிலத்துக்குச் செல்ல அவர்களுக்கிருந்த தடை 1987-இலேயே நீங்கிற்று. முப்பத்தெட்டு ஆண்டுகள்! இக்கூட்டத்தின் கதையைப் பாய் ஷியன்யுங் எழுதினார். 1937-இற் குவேலின் நகரிற் பிறந்த இவர், குவோமின்டாங் படைத்தலைவர் பாய் சுங்ஷியின் மகன். 1971-இல் நூலாக வந்த 'தைப்பே மாந்தர்' பதினான்கு கதைகளைக் கொண்டது. அதிலொன்று, குவேலின் அரிசி நூடில்ஸ் விற்கும் சிறு உணவுக்கடையைப் பற்றியது. கடைக்காரி தன் சொந்த ஊரில் மலர்ப்பாலத்தருகே புகழ்பெற்றிருந்த கடையின் பெயரையே தைப்பேயிலும் வைத்திருக்கிறாள். அங்கு உண்ண வரும் லூ என்னும் ஆசிரியர், ஊரிலிருக்கும் நிச்சயித்த மணமகளை ஹொங்கொங் வழியாக வரவழைப்பதற்காகப் பதினைந்தாண்டு பணஞ் சேர்க்கிறார். கோழி வளர்த்தும் விற்கிறார். உறவினனொருவன் அப்பணத்தை ஏமாற்றி எடுத்துவிடுகிறான். அதன்பின் அவர் சீரழிந்து இறக்கிறார். அவர் அறைக்குச் செல்லும் கடைக்காரி, இளமையில் அவரும் அம்மணமகளும் மலர்ப்பாலத்தருகே நிற்கும் புகைப்படத்தை எடுத்துவருகிறாள். தன் ஊர் எத்துணை அழகென்று வருவோர்க்குக் காட்டக் கடையில் மாட்டவேண்டுமாம்.

இத்தொகுதியின் சிறப்பை மறுக்கவியலாது, குறையையும் மறைத்தலாகாது. தாய்வானில் முன்னரே வாழ்ந்த மக்கள் இதில் அரிதாகவே தோன்றுகின்றனர். லூவைக் கெடுக்கும் சலவைக்காரி அவருள் ஒருத்தி. அவளைக் கடைக்காரியின் வெறுப்பினூடாகவே வாசகர் காண்கின்றனர். அத்தீவிலே 1947 பெப்ருவரி 28-ஐத் தொடர்ந்து குவோமின்டாங் படையாற் கொல்லப்பட்டோர் இக்கதைகளுக்குப் பொருளாகவில்லை. அகதியின் துயரம் உண்மையானது. அவன் வந்தேறிய நிலத்தில் வேறொரு துயரம் இருந்ததென்பதும் உண்மையானது. சிறுகதையைச் சான்றாகக் கொள்வோர், எவர் வாயிலாக அது கூறப்படுகின்றது என்று முதலில் வினவவேண்டும்.

பாயுடன் தாய்வான் தேசியப் பல்கலைக்கழகத்திற் பயின்ற சென் ரூவோஷி, தாய்வான் தச்சரொருவரின் மகள். மற்றையோர் சீனத்தை விட்டு ஓட, இவர் சீனத்துக்குச் சென்றார். அமெரிக்காவிற் பயின்றுகொண்டிருந்த அவரும் கணவரும் புதிய சீனத்துக்குப் பணிசெய்யும் ஆர்வத்தால் 1966-இல் அங்கு போய்ச் சேர்ந்தனர். அது கலாசாரப் புரட்சி தொடங்கிய ஆண்டு. ஏழாண்டு வாழ்ந்து, நான்கிங்கிலே கற்பித்து, 1973-இல் ஹொங்கொங்குக்கு வெளியேறினார். அடுத்த ஆண்டு கனடாவை அடைந்தார். 1974-இல் ஹொங்கொங்கின் 'மிங் பாவ் மாத இத'ழில் வந்த 'மாவட்டத் தலைவர் யின்' என்ற கதை, கலாசாரப் புரட்சியை உள்ளிருந்து கண்டவர் வெளியிட்ட முதற் புனைவுகளுள் ஒன்று.

யின் முன்னர்க் குவோமின்டாங் அதிகாரி. சரணடைந்து, புதிய ஆட்சிக்கு உண்மையாய் உழைத்தவர். பழைய பதவியைக் காரணங்காட்டி அவரைக் கொல்லத் தீர்மானிக்கின்றனர். கொலைக்களத்திலே அவர் எழுப்பிய முழக்கம், கட்சியும் அதன் தலைவரும் வாழ்க என்பதே. தம்மைக் கொல்லும் ஆட்சியின் வாழ்த்தை ஏன் உரைத்தார்? உண்மையான பற்றோ, குடும்பத்தைக் காக்கும் உபாயமோ, கசப்போ? கதையில் விடையில்லை. அங்கிருந்தோரும் அறியார். கம்யூனிச எதிர்ப்புப் பிரசாரம் தேடி இதனைக் கையிலெடுத்தோர் ஏமாந்தே இருப்பர். பிரசாரத்துக்கு விடை தெரிந்திருக்கவேண்டும். இன்னொரு கதையிற் பள்ளி செல்லாத சிறு குழந்தையொன்று தலைவரைப் பழித்த குற்றத்துக்கு ஆளாகின்றது; அக்குறிப்பு கோப்பில் ஏறினால் வாழ்நாள் முழுதும் தொடருமேயென்று கருவுற்றிருக்கும் தாய் நடுங்குகிறாள். வேறொன்றில், அமெரிக்காவினின்று பீக்கிங் மீண்ட அறிஞரொருவர் விரும்பிய பெண்களை மணக்க இயலாதவராகிறார்; ஒருத்தியின் வர்க்கப் பிறப்பு ஏற்புடையது, மற்றவளது ஏற்காதது, இரண்டும் தடையாகின்றன. ஆசிரியர் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. அலுவலகம், சமையலறை, மாடிப்படி ஆகிய இடங்களிற் பேசப்படும் தாழ்ந்த பேச்சே இக்கதைகளின் வலிமை.

பெருநிலத்திலேயே இத்தகைய கதை அச்சேற மேலும் நான்காண்டு சென்றன. 1978 ஓகஸ்டில் ஷங்காய் நாளிதழொன்றில் லூ ஷின்ஹுவா என்னும் மாணவர் எழுதிய 'வடு' வெளிவந்தது. அக்கதையின் பெயரே ஓர் இலக்கிய இயக்கத்துக்குப் பெயராயிற்று. துரோகியென முத்திரையிடப்பட்ட தாயை வெறுத்துத் தொலைமாகாணத்துக்குப் போன மகள், தாய் குற்றமற்றவளென அறிந்து ஒன்பதாண்டின் பின் மீள்கிறாள். தாய் இறந்துவிட்டாள். கலையழகில் இது சென் ரூவோஷியின் கதைகளுக்கு நிகராகாது. ஆயினும் எண்ணற்ற குடும்பங்களின் வரலாறாதலின் நாடே படித்து அழுதது. கடல் கடவாமலே ஒருவர் தம் வீட்டினின்று குடிபெயரக்கூடும் என்பதற்கு இது சான்று.

1989 சூனிற் பீக்கிங்கிலே மாணவர் போராட்டம் படைகளால் நசுக்கப்பட்டபின், வெளிநாடுகளிலிருந்த சீன மாணவர் பலர் மீளாதிருக்கத் துணிந்தனர். அவருள் ஒருவரான ஹா ஜின், இளமையிற் சீனப் படையிற் பணியாற்றி, 1985-இல் அமெரிக்கா சென்றவர், ஆங்கிலத்திலேயே எழுதலானார். 2009-இல் வந்த அவருடைய தொகுதி நியூ யோர்க்கின் ஃபிளஷிங் பகுதிச் சீனரைப் பற்றியது. தாய்மொழியைத் துறந்து எழுதுதல் துரோகமா என்னும் வினா அவர்மேல் எழுந்தது. அதற்கு அவர் கட்டுரைகளால் விடையிறுத்துள்ளார்.

அவ்வினாவுக்குக் கதையாகவே விடைகூறியவர் யியுன் லீ எனலாம். 1972-இற் பீக்கிங்கிற் பிறந்து, 1996-இல் நோயெதிர்ப்பியல் பயில அயோவா சென்ற அவருடைய முதற்றொகுதி 2005-இல் வெளிவந்தது. அதன் பெயர்க்கதையிலே, ஷி என்னும் முதியவர் மணமுறிவுற்ற மகளைத் தேற்ற அமெரிக்கா வருகிறார். ஏவுகணை அறிவியலாளராயிருந்தவர் என்று எல்லோரிடமும் கூறிக்கொள்பவர். உண்மையில், பெண்ணொருத்தியோடு பேசிப் பழகியமைக்காக இளமையிலேயே அப்பணியினின்று நீக்கப்பட்டுக் கீழ்ப்பணிக்குத் தள்ளப்பட்டவர். அதனை மறைக்க, பணியின் இரகசியம் என்று சொல்லிச் சொல்லி வீட்டில் வாய்திறவாதிருந்தவர். உணர்ச்சியைப் பேசப் பழகாத மொழியில் வளர்ந்தமையாற் சீனத்திற் பேச இயலவில்லை, புதுமொழியிற் பேசுதல் எளிது என்கிறாள் மகள். முதியவர் நாள்தோறும் பூங்காவுக்குச் சென்று, ஈரான் நாட்டு மூதாட்டியொருத்தியோடு அமர்ந்து உரையாடுகிறார். அவள் பேசுவது பாரசீகம், அவர் பேசுவது சீனம், இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் சிறிதே. தம் மனைவியிடமும் மகளிடமும் கூறாததை அவர் அவளிடம் கூறுகிறார்.